மீனெண்ணெய் பூசிய கார்

இலக்கியாவின் கார் சாலையில் ஓடாது, மிதக்கும். வலப்பக்கம் கொஞ்சம் நழுவும், அவள் ஸ்டியரிங்கை இடப்பக்கம் தள்ளுவாள். உடனே இடப்பக்கம் நழுவும், வலப்பக்கம் இழுப்பாள். இப்படி இழுத்தும் தள்ளியும் விடிகாலையில் மீமிசலுக்கும் கோட்டைப்பட்டினத்துக்கும் நடுவில் அவள் போய்வருவதைப் பார்த்தவர்கள் ஓரமாக ஒதுங்கி நின்றுகொள்வார்கள். அவளுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. கோட்டைப்பட்டினத்தில் நாட்டுப்படகு வைத்திருக்கும் ஐயனாரின் மகள் அவள். பன்னிரண்டு வயதிலேயே அப்பாவின் படகில் சுக்கான் பிடித்தவள். சுக்கானை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு எவன் படகு ஓட்டினான்? தண்ணீர் ஒரு பக்கம் தள்ளும், நாம் மறுபக்கம் தள்ள வேண்டும். தார் ரோடும் அப்படித்தான் போலிருக்கிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள். இல்லை என்று அவளிடம் யாரும் சொல்லவும் இல்லை, லைசென்ஸ் கொடுக்கும் ஆய்வாளரைத் தவிர.

அவர் இரண்டு முறை சொல்லிவிட்டார். முதல் முறை, "ஏம்மா, ரோட்டுல ஓட்டுறீங்களா, தண்ணியில ஓட்டுறீங்களா?" என்று சிரித்தார். இரண்டாவது முறை சிரிக்கவில்லை. "நூறு மீட்டர் நேராப் போகத் தெரியல. ஒங்களுக்குக் கை நிலையா இல்லம்மா" என்று எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். கை நிலையாக இல்லை என்ற அந்தச் சொல் இலக்கியாவுக்குள் முள்ளாக இறங்கிக்கொண்டது. சோறு பிசையும்போதுகூட அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அது சிவப்புக் கார். இரண்டே கதவுகள். தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். பந்தயத்துக்கு ஆசைப்பட்ட யாரோ ஒருவர் திருச்சியில் வைத்திருந்ததை, மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த அவள் கணவன் ரகுநாத் வாங்கி வந்தான். மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தான். நான்காம் நாள் அவனுக்கு விமானம். அதற்குப் பிறகு ஐந்து மாதம் கார் அவளிடம்தான் இருந்தது. நேற்று முன்தினம் வீடியோவில் வந்தவன், "இங்க பாரு இலக்கியா, காரைக்குடில ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு. மூணாவது தடவையும் போச்சுன்னா நான் வரும்போது வித்துருவோம். ஒனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னான். அதனால்தான் அவளுக்கு அதிகம் வலித்தது.

இவளுக்கு எதற்குக் கார் என்று ஊரில் கேட்டவர்கள் வேறு உண்டு. பள்ளிக்கூட வேலைக்குப் போகிறாளா, கடை வைத்திருக்கிறாளா என்று கேட்டார்கள். பையன்கள் பைக் வாங்கினால் இந்தக் கேள்வி எவன் வாயிலும் வருவதில்லை. அவளுக்கு ஆசை, அவ்வளவுதான். சூரியன் தலை காட்டுவதற்குள் அந்தச் சிவப்புக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, உப்புக்காற்று முகத்தில் அடிக்க மிதந்து போகிற அந்த அரைமணி நேரத்துக்காக அவள் மற்ற இருபத்து மூன்றரை மணி நேரத்தையும் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது தேர்வு அன்று மதியம் இரண்டரை மணிக்கு. விடியும்போதே கிளம்பிவிட்டார்கள். பக்கத்து இருக்கையில் நாத்தனார் புவனேஸ்வரி. ரகுநாத்துக்கு மூத்தவள், தொடக்கப்பள்ளி ஆசிரியை. லைசென்ஸ் இல்லாதவள் ஓட்டும்போது லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். புவனேஸ்வரியிடம் லைசென்ஸ் இருக்கிறது, ஆறு வருடமாக. அதை வாங்கிய நாளிலிருந்து அவள் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. பக்கத்தில் உட்காருவதென்றாலே கதவுக்கு மேலே உள்ள பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஊர் போய்ச் சேரும்வரை கண்ணைச் சிமிட்டாமல் ரோட்டைப் பார்ப்பாள். ஆனால் ஒரு நாளும் வரமாட்டேன் என்று சொன்னதில்லை. இப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளிகளின் தைரியத்தை உலகம் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஆவுடையார்கோயில் தாண்டி அறந்தாங்கி வரும்வரை பனி விலகவில்லை. கண்மாய்களின் மேல் வெள்ளையாகப் படுத்திருந்தது. கார் அதற்குள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தது. இலக்கியாவின் கைகள் தள்ளின, இழுத்தன. அவளுக்குக் கீழே சக்கரம் இருப்பதே மறந்துபோனது. கொஞ்சம் அசந்தால் பனி அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடும் என்று தோன்றியது.

"ஏ இலக்கியா, அந்தா லாரி வருது. அவன் பக்கம் போவாத."

"நான் போவல மதினி. காருதான் போவுது."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் புவனேஸ்வரி, பிடியை விடாமலே. இலக்கியா லாரிக்கு விலகி இடப்பக்கம் தள்ளினாள். இந்தப் பழமொழியை இரண்டு மாதமாக ஊரில் ஆளுக்கொரு தடவை அவளிடம் சொல்லிவிட்டார்கள். அவளே நம்பவும் தொடங்கியிருந்தாள்.

தேர்வுக்கு முன் திருக்கோகர்ணத்தில் அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்பது புவனேஸ்வரியின் ஏற்பாடு. எட்டு மணிக்கு அங்கே வந்தார்கள். கோயில் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு வேகத்தடை. மெதுவாகத்தான் ஏறினாள். இறங்கும்போது முன்பக்கம் அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். ஸ்டியரிங் அவள் கையில் ஒரு வெட்டு வெட்டியது, காரை அங்கேயே நிறுத்தினாள். பூ விற்ற பெண் எழுந்து நின்று, "அந்தா, நாலு கடை தள்ளி செல்வன் மெக்கானிக் செட்டு இருக்கு. அங்கிட்டுக் கொண்டு போங்க" என்றாள். ஆட்டோக்காரர்கள் இருவர் வந்து கை கொடுக்க, தள்ளிக்கொண்டே போனார்கள்.

வெற்றிசெல்வனுக்கு நாற்பது வயது இருக்கும். அவரைப் பார்த்தால் இப்போதுதான் தூங்கி எழுந்தவர் போலவோ, இனிமேல்தான் தூங்கப் போகிறவர் போலவோ இருக்கும். கண்ணை முழுதாகத் திறக்கவே மாட்டார். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார். ஒரு நீளக் கம்பியைச் சக்கரத்துக்குப் பின்னால் விட்டு நெம்பிவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார். 'டொக்'. மறுபடி நெம்பினார். 'டொக்'. அடுத்த சக்கரத்துக்குப் போனார். அதுவும் அதே பதிலைத்தான் சொன்னது.

"எங்கேருந்து வாரீங்க?"

"மீமிசல்ல இருந்துண்ணே" என்றாள் இலக்கியா.

"இந்த வண்டியிலயா?" அவருடைய கண் முதன்முறையாகக் கொஞ்சம் திறந்தது. "யாரு ஓட்டுனது?"

புவனேஸ்வரி தயங்கிவிட்டு இலக்கியாவைக் காட்டினாள். வெற்றிசெல்வன் அவளையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, நம்ம தோள்ல கிண்ணத்துக்குள்ள உருண்டை ஒக்காந்திருக்குல்ல, கையத் தூக்குறதுக்கும் சுத்துறதுக்கும்? அதே மாதிரி சக்கரத்துக்கு இந்தா இங்கிட்டு ஒண்ணு இருக்கு. பால் ஜாயின்ட்டு. ஒங்க வண்டியில ரெண்டு பக்கமும் தேஞ்சு கொடகொடன்னு ஆடுது. சக்கரம் அது பாட்டுக்கு ஒரு பக்கம் போவும், ஸ்டியரிங்கு ஒரு பக்கம் போவும். இன்னும் பத்துப் பள்ளத்துல எறங்கியிருந்தா கழண்டு, சக்கரம் அப்படியே மடங்கியிருக்கும். என்னைய இத பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓட்டச் சொன்னாக்கூட ஓட்டமாட்டேன். நீங்க மீமிசல்ல இருந்து ஓட்டியாந்திருக்கீங்க. எப்படி நேராக் கொண்டாந்தீங்கன்னு எனக்கு வெளங்கல."

இலக்கியா தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். "அப்ப என் கை?" என்றாள்.

"கைக்கு என்ன?"

"நிலையா இல்லன்னு ஆபீசர் சொன்னாரு. ரெண்டு தடவ."

"நல்லாச் சொன்னாரு போங்க" என்றார் வெற்றிசெல்வன். "இந்தக் கை இல்லாட்டி நீங்க ரெண்டு பேரும் அறந்தாங்கி தாண்டியிருக்க மாட்டீங்க."

பக்கத்தில் கிடந்த பழைய டயரின் மேல் இலக்கியா உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. யார் முன்னால் என்று பார்க்காமல் அழுதாள். இரண்டு மாதமாக வயிற்றில் கட்டியாக இருந்தது கரைந்து போவது போல் அவ்வளவு சுகமாக இருந்தது அந்த அழுகை. புவனேஸ்வரி அவள் தோளைத் தொட்டாள். கூடம் நிசமாகவே கோணலாக இருந்திருக்கிறது என்பது அவளுக்கும் புரிந்தது. ஆசிரியைகளுக்குத் தவறை ஒப்புக்கொள்ளும் பழக்கம் குறைவு. ஆகவே, "டீ குடிக்கிறியா?" என்று மட்டும் கேட்டாள்.

"ரெண்டரைக்கு டெஸ்ட்டுண்ணே. முடிஞ்சிருமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள் இலக்கியா.

"போல்ட்டு மனசு வச்சா முடிஞ்சிரும்" என்றார் அவர்.

போல்ட் மனசு வைக்கவில்லை. கடலோரத்துக் கார் அல்லவா, பால் ஜாயின்ட்டைப் பிடித்திருந்த போல்ட் துருப்பிடித்து இரும்போடு இரும்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. வெற்றிசெல்வன் அதோடு சண்டை போடவில்லை. துரு இளகுவதற்கான எண்ணெயை அதன் மேல் சொட்டுச் சொட்டாக விட்டார். கீழராஜ வீதிக் கடைக்கு ஃபோன் செய்து புது ஜாயின்ட் இரண்டு அனுப்பச் சொன்னார். பிறகு காருக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டார். "ஒரு மணி நேரம் ஊறணும். அது ஊறும்போது நாம முழிச்சிருந்து என்ன செய்யப் போறோம்?" என்று சொல்லி முடிப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது.

புவனேஸ்வரி கோயிலுக்குப் போனாள். வேப்பமரத்தடியில் ஏதோ ஒரு காரிலிருந்து கழற்றிப் போட்ட இருக்கை ஒன்று கிடந்தது. இலக்கியா அதில் சாய்ந்தாள். விடியலுக்கு முன்பே எழுந்த உடம்பு. வேப்பங்காற்று. தூரத்தில் டவுன் பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தம் நீண்டு நீண்டு கடைசியில் அலையின் சத்தமாக மாறியது. அவளுடைய சிவப்புக் கார் கடலின் மேல் போய்க்கொண்டிருந்தது. சக்கரம் இல்லை. அதைப் பற்றி யாருக்கும் கவலையும் இல்லை. பானெட்டின் மேல் அவள் வீட்டுப் பூனைகள் நான்கும் வரிசையாக உட்கார்ந்து காற்று வாங்கின. கரையில் அப்பா ஐயனார் கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில் ஆய்வாளரும் நின்றார், கையில் காகிதத்தோடு. "கை நல்லாத்தான் இருக்கு" என்று ஆய்வாளர் அப்பாவிடம் சொன்னார். பூனைகள் ஆமாம் என்பதுபோல் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பின. மீன் வாசம் அடித்தது. அவளுக்கு அந்த வாசம் பிடித்திருந்தது. அது ஏன் இவ்வளவு பக்கத்தில் அடிக்கிறது என்று யோசித்தபோது விழிப்பு வந்துவிட்டது.

வெற்றிசெல்வன் எதிரில் நின்றார். கழற்றிய பழைய ஜாயின்ட்டை மூக்கருகே பிடித்திருந்தார். கடையிலிருந்து ஆட்டோவில் வந்த புது ஜாயின்ட்டுகள் அவர் காலடியில் அட்டைப்பெட்டியில் இருந்தன. புவனேஸ்வரியும் கோயிலிலிருந்து திரும்பியிருந்தாள்.

"தங்கச்சி, பதினெட்டு வருசமா இந்த வேலை பாக்குறேன். கிரீஸ் வாடை பாத்திருக்கேன், மாட்டுச்சாணி வாடைகூடப் பாத்திருக்கேன். இது என்ன, மீன் வாடை?"

இலக்கியா எழுந்து உட்கார்ந்தாள். முகம் சிவந்துவிட்டது. மெதுவாகச் சொன்னாள்.

"மீனெண்ணெய்ண்ணே. நான்தான் பூசுவேன்."

"காருக்கா?"

"அவுக ஊருக்குப் போகும்போது, உப்புக்காத்து அடியில தின்னுரும், பாத்துக்கன்னு சொல்லிட்டுப் போனாக. எங்க அப்பா படகக் கரையேத்துனா மீனெண்ணெய்தான் பூசுவாரு. உப்பு அண்டாது. அதான் மாசம் ரெண்டு தடவ, படுத்துக்கிட்டு அடியில எல்லா எடத்துலயும் பூசுனேன். சந்து பொந்து விடாம."

வெற்றிசெல்வன் ஜாயின்ட்டைத் திருப்பிக் காட்டினார். உருண்டை மேல் தொப்பி போட்டது போல ஒரு ரப்பர் உறை. உள்ளே கிரீஸை வைத்துக்கொண்டு மண்ணை வெளியே நிறுத்துவதற்கு அது. அந்த உறை கிழிந்து தொங்கியது. ஓரமெல்லாம் ஊசி குத்தியது போலச் சின்னச் சின்ன ஓட்டைகள்.

"பல்லு" என்றார்.

இலக்கியாவும் புவனேஸ்வரியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். காருக்கு அடியில் எப்போது பார்த்தாலும் நான்கு பூனைகள் படுத்திருக்கும். நிழலுக்கு வருகின்றன என்று இலக்கியா நினைத்திருந்தாள். தன்னை நம்பி வருகின்றன என்றுகூட உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அவை ஐந்து மாதமாக அங்கே விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. ரப்பர் போனது. கடற்கரை மணல் உள்ளே போனது. ஒவ்வொரு விடிகாலையும் அவள் மிதந்து போனபோதெல்லாம் அந்த மணல் உருண்டையைத் தின்றுகொண்டிருந்தது. அதனால்தான் மிதந்தது.

"பூனைக்குச் சோறு வைக்கிறவ நீதான். காருலயும் கொழம்பு ஊத்தி வச்சிருக்க" என்றாள் புவனேஸ்வரி. முதலில் சிரித்தவள் இலக்கியாதான். சிரித்துக்கொண்டே இருக்கும்போது நெஞ்சுக்குள் சுருக்கென்றது. காரைக் கெடுத்தது வேறு யாருமில்லை. அவள் காட்டிய அக்கறைதான். படுத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது போலத் தேய்த்தாளே, அந்தக் கைதான்.

வெற்றிசெல்வனுக்கு அவள் முகம் மாறியது தெரிந்திருக்க வேண்டும். "துரு மட்டும் அந்தப் போல்ட்டத் தவிர எங்கயும் இல்ல தங்கச்சி. அடி அப்படியே புதுசா இருக்கு. உங்கப்பா சொன்னது தப்பில்ல. இரும்புக்குப் பூசலாம், ரப்பருக்குத்தான் ஆகாது" என்றார்.

புது ஜாயின்ட்டை அவள் கையில் கொடுத்தார். அவள் அதன் தண்டைப் பிடித்து அசைத்தாள். சுலபத்தில் அசையவில்லை. இறுக்கமாக, மெல்ல மெல்லத்தான் திரும்பியது. பழையதை அசைத்தாள். பால்பல் ஆடுவது போல் ஆடியது. இவ்வளவு இறுக்கமாகவா இருக்கும் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆச்சரியத்தோடு கொஞ்சம் பயமும் இருந்தது.

மதியம் பன்னிரண்டரைக்கு இரண்டு பக்கமும் மாட்டி முடித்தார். காரின் இரு பக்கமும் நூல் கட்டி, சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அளந்தார். முன்சக்கரம் இரண்டையும் அரைச்சுற்று, கால்சுற்று என்று திருத்தினார். அதற்கு மேல் அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. முன்பக்க வேலை பார்த்த எந்த வண்டியும் அவர் செட்டிலிருந்து எலுமிச்சம்பழம் நசுக்காமல் வெளியே போகாது. எல்லாரும் செய்கிற திருஷ்டிதானே என்றால், இல்லை. முன்சக்கரத்துக்கு அடியில் இரண்டு பழம் வைப்பார். பதினைந்து காலடி தள்ளி அதே நேர்க்கோட்டில் இரண்டு. இன்னும் பதினைந்து காலடி தள்ளி இரண்டு. ஸ்டியரிங்கைத் தொடாமல் வண்டி உருண்டு போய் ஆறு பழத்தையும் நசுக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் வேலை சரியில்லை என்று மறுபடி கழற்றுவார். கம்ப்யூட்டர் பொய் சொல்லும், நூலும் சில நேரம் பொய் சொல்லும், எலுமிச்சம்பழம் பொய் சொல்லாது என்பது அவருடைய கட்சி. சாமிக்கும் ஆச்சு, சக்கரத்துக்கும் ஆச்சு.

"நான் முன்னால குத்தவச்சுப் பாக்கணும். நீங்க ஒக்காருங்க தங்கச்சி. பர்ஸ்ட் கியர் மட்டும் போட்டு மெதுவா விடுங்க. அது பாட்டுக்குப் போவும்."

செட்டுக்குப் பின்னால் சிமெண்ட் போட்ட ஒரு நீளச் சந்து. இலக்கியா காரை விட்டாள். முதல் இரண்டு பழம் பட்டென்று நசுங்கின. கார் ஒரு நூல் அளவுகூடப் பக்கவாட்டில் நகரவில்லை. ஆனால் நகரும் என்று அவளுடைய கை காத்திருந்தது. காத்திருந்து, பொறுக்காமல், இடப்பக்கம் தள்ளியது. கார் இடப்பக்கம் தாவியது. பதறி வலப்பக்கம் இழுத்தாள். வலப்பக்கம் தாவியது. அடுத்த நான்கு பழமும் மஞ்சளாக, முழுசாக, வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. கார் சுவரை ஒட்டிப் போய் நின்றது.

வெற்றிசெல்வன் நம்பாமல் மறுபடி நூல் கட்டினார். நூல் சரியாக இருந்தது. புதுப் பழங்கள் வைத்தார். மறுபடி விட்டாள். மறுபடியும் அதே நடனம்.

இறங்கி நின்றாள் இலக்கியா. மணி ஒன்றரை. கெட்டுப்போன காரில் இரண்டு முறை தோற்றாள். இப்போது நல்ல காரிலும் தோற்கப் போகிறாள். ஐந்து மாதமாக அந்தக் கோணலுக்கு ஏற்றபடி இந்தக் கை பழகிவிட்டது. இனி நேராக ஓடும் ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அதற்குத் தெரியவில்லை. வீடியோவில் ரகுநாத்தின் முகம் நினைவுக்கு வந்தது. ஒனக்கு எதுக்கு இந்த வம்பு?

"வண்டி சரியாத்தான் இருக்கு" என்றார் வெற்றிசெல்வன். தலையைச் சொறிந்தார். "கைதான் சும்மா இருக்கமாட்டேங்குது." வண்டியென்றால் அவருக்குத் தெரியும். கைக்கு அவரிடம் வைத்தியம் இல்லை.

இத்தனை நேரம் சுவரோரமாக நின்றிருந்த புவனேஸ்வரி அர்ச்சனைத் தட்டைக் கீழே வைத்தாள். வந்து பக்கத்து இருக்கையில் ஏறினாள். "ஏறு" என்றாள் இலக்கியாவிடம். இலக்கியா ஏறினாள்.

"கியரப் போடு. போட்டுட்டியா? கையக் கொண்டா."

"எதுக்கு மதினி?"

"கொண்டான்னா கொண்டா."

பயந்தாங்கொள்ளி புவனேஸ்வரி, ஐந்து மாதமாகக் கைப்பிடியை விடாத புவனேஸ்வரி, அந்தக் கைப்பிடியை விட்டுவிட்டாள். இலக்கியாவின் இரண்டு கைகளையும் வாங்கித் தன் மடியில் வைத்தாள். முதல் வகுப்புப் பிள்ளைகளின் கையை அமுக்குவது போல அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய உள்ளங்கை வேர்த்திருந்தது. கண்ணை இறுக மூடியிருந்தாள்.

"இப்ப விடு" என்றாள்.

இலக்கியா கிளட்சிலிருந்து காலை மெல்ல எடுத்தாள். பட், பட். கார் உருண்டது. ஸ்டியரிங் அவள் எதிரில் யாரும் தொடாமல் தனியாக இருந்தது. அவளுடைய விரல்கள் மதினியின் மடிக்குள் துடித்தன, தள்ளப் பார்த்தன, இழுக்கப் பார்த்தன. மதினி விடவில்லை. சந்தின் இரு சுவர்களும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பின்னால் போயின. கனவில் போவது போலத்தான் இருந்தது, ஆனால் இந்தக் கனவில் எதுவும் நழுவவில்லை. பட், பட். அவளுடைய விரல்கள் ஓய்ந்தன. பட், பட்.

"ஆறு" என்றார் வெற்றிசெல்வன் எழுந்துகொண்டே. எலுமிச்சை வாசம் சந்து முழுக்க நிறைந்திருந்தது. புவனேஸ்வரி கண்ணைத் திறந்து, உயிரோடு இருக்கிறோமா என்று பார்த்துக்கொண்டாள்.

இரண்டரை மணிக்கு ஆய்வாளர் இலக்கியாவைப் பார்த்ததும், "மறுபடியுமாம்மா?" என்றார். பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, நேராகப் போகச் சொன்னார். இலக்கியா ஸ்டியரிங்கில் விரல்களைச் சும்மா வைத்தாள், தூங்குகிற பிள்ளையின் மேல் கை வைப்பது போல. நூறு மீட்டர். இருநூறு மீட்டர். திருப்பத்தில் கேட்டதைச் செய்தாள், பின்னால் எடுக்கச் சொன்னதும் எடுத்தாள். ஆய்வாளர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். இறங்கும்போது, "எந்த ஸ்கூல்லம்மா கத்துக்கிட்டீங்க இந்த ஒரு மாசத்துல?" என்று கேட்டார்.

"திருக்கோகர்ணத்துல சார்" என்றாள்.

ரகுநாத்துக்கு மஸ்கட்டில் அப்போது வேலை நேரம். இருந்தாலும் அடித்த முதல் மணியிலேயே எடுத்தான். "என்னாச்சு?" என்று கேட்ட குரலில் அவனும் காலையிலிருந்து காத்திருந்தது தெரிந்தது.

"காரைக்குடிக்காரர வேற கார் பாத்துக்கச் சொல்லுங்க" என்றாள் இலக்கியா. அவன் சிரித்தான். நன்றாகச் சிரித்தான்.

திரும்பும் வழியெல்லாம் கார் சொன்னதைக் கேட்டது. அறந்தாங்கி தாண்டியபோது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? கைக்கு வேலையே இல்லை. மிதப்பு போய்விட்டது. பழைய கார் செத்து இது வேறு யாருடைய காரோ போல இருந்தது. ஆவுடையார்கோயிலில் மாலை வெயில் சாய்ந்தது. "மதினி, டீ குடிப்போமா?" என்று கேட்டாள். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தாள்.

புவனேஸ்வரி தூங்கிக்கொண்டிருந்தாள். கைப்பிடியில் கை இல்லை. வாய் லேசாகத் திறந்திருக்க, தலை கண்ணாடியில் சாய்ந்திருக்க, மீந்துபோன எலுமிச்சம்பழம் ஒன்று மடியில் உருளாமல் கிடந்தது. ஆய்வாளர் பாஸ் போட்டபோது வராத பெருமை இலக்கியாவுக்கு அப்போதுதான் வந்தது.

மீமிசலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி, வடக்கே திரும்பினாள். பழக்கப்பட்ட ரோடு. இருட்ட இன்னும் நேரம் இருந்தது. கண்ணாடியை இறக்கினாள். உப்புக்காற்று வந்து காரைத் தள்ளிப் பார்த்தது. கார் அசையவில்லை. ரோட்டை விட்டுக் கண்ணை எடுத்தால் ஆளைக் கொன்றுவிடும் என்றிருந்த கார், இப்போது அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் இலக்கியா வலப்பக்கம் தலையைத் திருப்பினாள்.

சவுக்குத் தோப்பு விலகிய இடத்தில் கடல் இருந்தது. அகலமாக, சாம்பலும் ரோஜாவுமாக, அசையாமல் இருந்தது. தூரத்தில் நாட்டுப்படகுகள் நான்கைந்து கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு ஆள், சுக்கானைத் தள்ளியும் இழுத்தும். அதில் ஒன்று அப்பாவினுடையதாக இருக்கலாம். ஐந்து மாதமாகத் தினம் விடிந்தால் இந்த வழியே போய்வந்தவள், காரிலிருந்து கடலைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

வீட்டுக்குத் திரும்பும் சந்து வந்தது. மதினியை எழுப்பாமல், அவள் அதைத் தாண்டி நேராகப் போனாள்.